கடையிலேயே வாங்குங்கள், ஆனால் முதலில் பேசிப் பாருங்கள்

மகளுக்கு சைக்கிள் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரரை ஒரு மணி நேரம் பிடித்து வைத்துவிட்டு, அதே மாடல் ஆன்லைனில் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பதைக் கண்டு மனசு உறுத்துகிறது என்கிறீர்கள். அந்த உறுத்தல் நியாயமானது.

சைக்கிள் என்றால் கடையிலேயே வாங்கச் சொல்வேன். ஆன்லைனில் வருவது பெரும்பாலும் பெட்டிக்குள் பாகங்களைப் பாதி மட்டுமே மாட்டிய வண்டி. ஹேண்டில்பார், பெடல், முன்சக்கரம் எல்லாம் நீங்கள்தான் மாட்ட வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் அழுத்தித் திருகினால் மரை போய்விடும், நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முதல் சில வாரங்களில் பிரேக், கியர் கேபிள்கள் தளரும். இதற்கெல்லாம் வெளியில் கொடுக்கும் கூலியையும் கூட்டிப் பாருங்கள்.

ஆன்லைன் விலையைக் கடைக்காரரிடம் நேராகவே சொல்லுங்கள். ஆன்லைன்காரர்கள் பெரிய அளவில் வாங்கும் விலை அவருக்குக் கிடைக்காது, அதனால் அந்த அளவுக்கு இறங்க முடியாமல் போகலாம். முதல் சர்வீஸை இலவசமாகச் செய்து தரக் கேட்கலாம்.

பூட்டு, மணி எல்லாம் எங்கே மலிவோ அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பண நெருக்கடி என்றால் சைக்கிளையும் ஆன்லைனிலேயே வாங்கலாம், தப்பே இல்லை. அப்போது வண்டியின் பாகங்களை மாட்டும் வேலையைக் கடைக்காரரிடமே கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.