பதிவு முதலா, வேலை முதலா?

கேள்வி: ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகள் அலுவலகங்களில் பணியாற்றியிருக்கிறேன். பிரிட்டன், கனடா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் உள்ள நிறுவனங்களுக்குக் கடந்த ஓராண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. அந்தந்த நாட்டில் கட்டடக் கலைஞராகப் பதிவு பெற்ற பிறகுதான் வேலை தேட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சட்டம் பெரும்பாலும் இரண்டைத்தான் காக்கிறது: ஒன்று 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயர், மற்றொன்று வரைபடங்களில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் உரிமை. பதிவு பெற்ற ஒருவரின் பொறுப்பில் அமர்ந்து வடிவமைப்பதையும் வரைவதையும் அது தடுப்பதில்லை. அதனால்தான் பிரிட்டனில் 'ஆர்க்கிடெக்சரல் அசிஸ்டன்ட்' என்றும் அமெரிக்காவில் 'டிசைனர்' என்றும் பதவிப் பெயர்கள் இருக்கின்றன. நீங்கள் தேட வேண்டியது அந்தப் பெயர்களில் வரும் வேலைகளை.

பெயர் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பிரிட்டனின் 1997ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி, ஏஆர்பி என்ற பதிவு வாரியத்தின் பட்டியலில் இல்லாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்வது குற்றம். கப்பல், நிலத்தோற்றம், கோல்ஃப் மைதானம் ஆகியவற்றை வடிவமைப்பவர்களுக்கு மட்டும் அச்சட்டம் விலக்கு அளித்திருக்கிறது என்பது வேடிக்கையான செய்தி. ஊரில் பதிவு பெற்றவர் என்றால், எந்த நாட்டில் பெற்றீர்கள் என்பதையும் சேர்த்தே தற்குறிப்பில் எழுதுங்கள்.

வேலையை முதலில் தேடச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பதிவுக்கான நிபந்தனைகளில் பல, அந்த நாட்டு அலுவலகத்தில் அமர்ந்தால்தான் நிறைவேறும். அமெரிக்காவில், மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பான என்கார்ப் நடத்தும் ஏஎக்ஸ்பி என்ற பணி அனுபவத் திட்டத்தில் 3,740 மணி நேர அனுபவத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் ஏறத்தாழ பாதியை உரிமம் பெற்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில், அவர் மேற்பார்வையில்தான் சேர்க்க முடியும். அதற்குமேல் ஆறு பிரிவுகள் கொண்ட ஏஆர்இ தேர்வு இருக்கிறது. உரிமம் வழங்குவது என்கார்ப் அன்று, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே என்பதால், எந்த மாநிலத்தில் குடியேறுவீர்கள் என்பது தெரியாமல் தேர்வுக்குப் பணம் கட்டுவதில் பயனில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்றவை அமெரிக்க அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாதவரையும் அனுபவத்தைக் கணக்கிட்டு ஏற்கின்றன. வேறு சில மாநிலங்கள் ஏற்பதில்லை.

ஆனால் பட்டத்தை மதிப்பிடும் வேலையை மட்டும் இன்றே தொடங்கிவிடலாம். கனடாவில் சிஏசிபி, ஆஸ்திரேலியாவில் ஏஏசிஏ ஆகிய அமைப்புகள் அதைச் செய்கின்றன; ஆஸ்திரேலியாவில் கட்டடக் கலைஞராகக் குடியேற விண்ணப்பிப்பதற்கே ஏஏசிஏவின் திறன் மதிப்பீடு வேண்டும். படித்த கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தையும் முத்திரையிட்ட மதிப்பெண் சான்றையும் பெறுவதற்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக காலம் பிடிக்கும்.

அழைப்பு ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். பிரிட்டனில் உங்களை வேலைக்கு அழைக்கும் நிறுவனத்திடம், வெளிநாட்டவரை அமர்த்த அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. உங்கள் விண்ணப்பங்களில் எத்தனை அப்பட்டியலில் இல்லாத சிறு அலுவலகங்களுக்குப் போயின என்று ஒரு மாலைப்பொழுதில் சரிபார்த்தால், ஓராண்டு மௌனத்தின் பெரும்பகுதிக்கு விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் தடை வேறு. அங்கே ஒப்பந்ததாரரிடம் பேசுவதும் சைட் கூட்டக் குறிப்பு எழுதுவதும் ஜெர்மன் மொழியில் என்பதால், மொழித் தேர்ச்சியில் பி2 என்ற மேல் இடைநிலைக்குக் கீழ் இருப்பவருக்குப் பெருநகரங்களின் சில பன்னாட்டு அலுவலகங்கள் தவிர இடம் கிடைப்பது கடினம். அந்நாட்டு விளம்பரங்களில் 'எல்பிஎச் 1–5' என்பதுபோல எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எச்ஓஏஐ என்ற கட்டண விதி ஒரு திட்டத்தை 'எல்பிஎச்' எனப்படும் ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கிறது, அதில் ஐந்தாவது கட்டுமான வரைபடம். உங்கள் ஆறு ஆண்டுகளை அந்தக் கட்டங்களின் பெயரிலேயே பிரித்து எழுதுங்கள். பிரிட்டனுக்கு, அந்நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் சங்கமான ரிபா வகுத்த 0 முதல் 7 வரையான நிலைகள் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: என் போர்ட்ஃபோலியோவில் கல்லூரித் திட்டங்களும், அலுவலகத்தில் செய்த முப்பரிமாணப் படங்களும் நிறைய இருக்கின்றன. இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்?

பதில்: சேர்ப்பதைவிடக் குறைப்பதில்தான் பயன். அலுவலகம் ஒன்றில் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. மாலை வெயிலில் மின்னும் கண்ணாடிக் கட்டடங்களின் படங்கள் இருபதைப் பார்த்த பிறகு, யாரோ ஒருவர் அனுப்பிய, ஒரு சுவரின் உள்ளமைப்பை வெட்டிக் காட்டும் செக்‌ஷன் கண்ணில் படும்போது கை தானாக நின்றுவிடும். இவர் கட்டத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையை அந்த ஒரு தாள் தந்துவிடும்.

எனவே நீங்கள் வரைந்து, உண்மையில் கட்டப்பட்ட ஒன்றின் ஒர்க்கிங் டிராயிங்கை, அதாவது கட்டுவதற்கான வரைபடத்தை, தேவையானால் அலுவலகத்தின் அனுமதியுடன், ஒரு பக்கத்திலும், அதே இடத்தின் சைட் புகைப்படத்தை எதிர்ப்பக்கத்திலும் வையுங்கள். அதில் எது உங்கள் கையால் வந்தது, எது குழுவினுடையது என்பதை ஒரே வரியில் நேர்மையாகக் குறிப்பிடுங்கள். நேர்காணலில் முதலில் தோண்டப்படுவது அதுதான்.

அடுத்து, போகும் நாட்டின் தட்பவெப்பம் வரைபடத்தில் தெரிய வேண்டும். வெப்ப நாட்டில் பயின்றவர் பால்கனியை வரையும்போது, உள்ளே இருக்கும் தளத்தின் கான்கிரீட்டையே வெளியே நீட்டிவிடுவார்; அங்கே அதில் பிழை எதுவும் இல்லை. குளிர் நாட்டில் அதே கான்கிரீட் வீட்டின் சூட்டை வெளியே கடத்தும் பாலமாகிவிடும். உட்புற மூலை குளிர்ந்து, ஈரம் படிந்து, பூஞ்சை பிடிக்கும். ஆகவே தளத்துக்கும் பால்கனிக்கும் நடுவே, கம்பிகள் மட்டும் ஊடுருவிச் செல்லும் வெப்பத்தடுப்புத் துண்டு ஒன்றை வைப்பார்கள். நீங்கள் செய்த பழைய திட்டத்தின் ஒரு டீடெயிலை, அதாவது நுணுக்க வரைபடத்தை எடுத்து, குளிர் நாட்டுக்கு ஏற்ப மாற்றி வரைந்து, பயிற்சிக்காக வரைந்தது என்று குறிப்பிட்டே சேர்க்கலாம். நான் பார்த்தவரையில் அப்படிச் செய்பவர் அரிது.

அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் அளவுகளை அடி, அங்குலத்தில் மாற்றுங்கள். அங்கே 1:100 என்ற அளவுகோல் வழக்கில் இல்லை. கால் அங்குலமோ அரைக்கால் அங்குலமோ ஓர் அடியைக் குறிக்கும். சக்கர நாற்காலி திரும்புவதற்கு 60 அங்குல விட்டமுள்ள இடத்தைக் கழிப்பறையில் வட்டமிட்டுக் காட்டும் அவர்கள் வழக்கத்தையும் பின்பற்றுங்கள். மென்பொருளைப் பொறுத்தவரை, கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் ரெவிட் தெரிந்திருந்தால் பெரும்பாலான இடங்களில் போதும்.

கேள்வி: நாடுகளுக்கிடையே அங்கீகார ஒப்பந்தங்கள் இருக்கின்றனவே, அவற்றால் தேர்வு எழுதாமல் தப்ப முடியாதா?

பதில்: ஒப்பந்தம் எதை அங்கீகரிக்கிறது என்று பாருங்கள். 2008இல் உருவான கான்பெரா உடன்படிக்கை, உறுப்பு அமைப்புகள் அங்கீகரித்த படிப்புகளை ஏறத்தாழ இணையானவையாக ஏற்கிறது. அது பட்டத்துக்கு உதவும், உரிமத்துக்கு அன்று. 2023இல் அமெரிக்காவும் பிரிட்டனும் நடைமுறைப்படுத்திய ஒப்பந்தமோ ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தானியங்கி அங்கீகாரமும் ஒன்றியத்துக்குள் பெற்ற பட்டங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

கேள்வி: லண்டனில் வேலை உறுதி என்று கூறி ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதைப் பிரிட்டன் சட்டம் தடை செய்கிறது. ஆள் தேவைப்படும் நிறுவனம்தான் முகவருக்குப் பணம் தர வேண்டும். அவர் சொல்லும் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, மேலே குறிப்பிட்ட ஸ்பான்சர் பட்டியலில் தேடிப் பாருங்கள். பெயரைச் சொல்ல மறுத்தால் அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.