சான்றிதழை ஏன் கொடுத்துவிட்டு வந்தீர்கள்?

கேள்வி: பத்து மணிக்கு இன்டர்வியூ என்று வரச்சொல்லி ஒன்றரை மணி வரை உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்டவர் என் பயோடேட்டாவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, செல்போனிலேயே கண். "கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவீங்கதானே?" என்று சிரித்தார். ஒரிஜினல் சர்டிஃபிகேட்களை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு சொல்லும்போது தருவதாகச் சொன்னார்கள். வீட்டில் நன்றாகச் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். அவமானம் மனதை விட்டுப் போகவில்லை. திரும்பக் கூப்பிட்டால் போகலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தில் பக்கம் பக்கமாக அவமானம், சான்றிதழுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் தூக்கிவாரிப் போட்டது. காக்க வைத்ததும் சிரித்ததும் கேவலம்தான். ஆனால் அவை அந்த அறையோடு முடிந்துவிட்டன. சான்றிதழ்கள் இன்னும் அவர்கள் கையில் இருக்கின்றன!

வேலையே கொடுக்காதவர்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ள என்ன உரிமை? சரிபார்க்க வேண்டுமானால் உங்கள் கண்ணெதிரில் ஒரிஜினலைப் பார்த்து, நகலை எடுத்துக்கொண்டு, அப்போதே திருப்பித் தர வேண்டும். ஐந்து நிமிட வேலை. ரசீதாவது கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எதற்காகப் பிடித்து வைக்கிறார்கள் தெரியுமா? நீங்கள் வேறு இடம் தேடிப் போகக்கூடாது, சம்பளம் பேசும்போது வாய் திறக்கக்கூடாது, அதற்காகத்தான். கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேச தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது அதில் ஒன்று. உங்களுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் புத்தி அதே புத்திதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏன் வீட்டில் பொய் சொன்னீர்கள்? பெற்றவர்கள் கவலைப்படக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். அதைக் கடமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் படிப்புக்காகப் பாடுபட்டவர்களுக்கு அந்தத் தாள்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டாமா? நல்ல செய்தியை மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கா குடும்பம்? நீங்கள் தனியாக நின்றதால்தான் அந்த நிறுவனத்தாருக்கு அவ்வளவு துணிச்சல் வந்தது.

இன்றே வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்தெந்தச் சான்றிதழ், அவற்றின் எண், கொடுத்த தேதி, வாங்கியவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி, குறிப்பிட்ட தேதிக்குள் திருப்பித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டால் நாளைக்கு "நாங்கள் வாங்கவே இல்லை" என்பார்கள். பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவரோடு நேரில் போங்கள். ஒவ்வொரு தாளையும் சரிபார்க்காமல் அங்கிருந்து எழுந்திருக்க வேண்டாம். இழுத்தடித்தால் அந்த மின்னஞ்சலின் பிரதியோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

திரும்பக் கூப்பிட்டால் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். இன்றைக்குச் சான்றிதழைப் பிடித்து வைத்தவர்கள், நாளைக்குச் சம்பளத்தைப் பிடித்து வைக்கத் தயங்க மாட்டார்கள்.