ஒரே நிலையத்தில் உயர்வு: சூரியத் துகள்கள்தாமா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் நியூட்ரான் மானிட்டரின் (விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்களான அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி எழுப்பும் நியூட்ரான்களை எண்ணும் கருவி) எண்ணிக்கை ஒரு நாள் 5 விழுக்காடு உயர்ந்தது. சூரியனிலிருந்து அண்டக்கதிர்கள் திடீரெனப் பெருகி வந்ததால்தான் இப்படி நேர்ந்தது என்று எவ்வாறு உறுதிசெய்வது?

பதில்: முதலில் காற்றழுத்தப் பதிவைப் பாருங்கள். தலைக்கு மேலுள்ள காற்றின் எடை குறையும்போது தரையை எட்டும் நியூட்ரான்கள் கூடும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் எண்ணிக்கை ஏறத்தாழ 0.7 விழுக்காடு ஏறும் என்பதால், 7 ஹெக்டோபாஸ்கல் இறக்கம் ஒன்றே நீங்கள் கண்ட உயர்வைத் தந்துவிடும். அழுத்தத் திருத்தத்துக்குப் பின்னும் உயர்வு எஞ்சினால், அது கருவியில் நியூட்ரான்களை எண்ணும் எல்லாக் குழாய்களிலும் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரே குழாயில் மட்டும் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் மின்னணுச் சுற்றில்தான் இருக்கும்.

அடுத்தது பிற நிலையங்களின் சாட்சி. என் கருத்தில் இதுவே தீர்ப்பைச் சொல்வது. இத்தகைய உயர்வுகளை 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்காட் ஃபோர்புஷ் முதன்முதலாக இனங்கண்டபோதே பல இடங்களின் பதிவுகளை ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வந்தார். சூரிய புரோட்டான் ஒன்று காற்றில் மோதி உண்டாக்கும் இரண்டாம்நிலைத் துகள்கள் கடல்மட்டம் வரை வருவதற்கு, அந்தப் புரோட்டானுக்குச் சுமார் 430 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலாவது வேண்டும். துருவப் பகுதியில் வளிமண்டலம் மட்டுமே தடை. நிலநடுக்கோட்டருகே பல இடங்களில் புவிக்காந்தப்புலம் 15 ஜிகாவோல்ட்டுக்கும் (துகள் காந்தப்புலத்தை ஊடுருவும் திறனை அளக்கும் அலகு) மேலான வரம்பை விதிப்பதால், மிக வன்மையான நிகழ்வுகளில்கூட மிகச் சில துகள்களே நுழைய முடியும். எனவே உங்கள் நிலையம் தாழ்ந்த அட்சரேகையில் இருந்து, துருவ நிலையங்கள் அனைத்தும் அமைதியாக இருந்தால், சூரிய புரோட்டான்கள் என்ற விளக்கத்தைக் கைவிடலாம். துருவ நிலையங்களுள் ஒன்று மட்டும் அமைதியாக இருப்பதைக் கொண்டு அப்படி முடிவு செய்யக் கூடாது. தொடக்கத்தில் துகள்கள் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி ஒரு திசையிலிருந்தே பாய்வதால், 2005 ஜனவரி 20 அன்று தென்துருவ நிலையம் பன்மடங்கு உயர்வைக் கண்டபோது, வேறு பல துருவ நிலையங்களில் உயர்வு அதைவிட மிகக் குறைவாகவே இருந்தது.

நேரத்தையும் கவனியுங்கள். உண்மையான நிகழ்வு பெரும்பாலும் சூரிய எரிப்புக்கு (சூரியனில் நேரும் திடீர் ஆற்றல் வெடிப்பு) பின் சில நிமிடங்களிலிருந்து சில பத்து நிமிடங்களுக்குள் தொடங்கி, விரைவாக ஏறி, மணிக்கணக்கில் தணியும். ஆகையால் மணிநேரச் சராசரியை ஒதுக்கிவிட்டு, ஒரு நிமிடத் தரவையோ ஐந்து நிமிடத் தரவையோ எடுங்கள். ஐந்து நிமிடத்தில் 30,000 எண்ணிக்கை கிடைத்தால் இயல்பான சிதறல் 0.6 விழுக்காடு அளவுதான். ஒரே துகள் கருவியைச் சூழ்ந்துள்ள ஈயத்தில் மோதிப் பல நியூட்ரான்களை எழுப்புவதால், நடைமுறையில் அது சற்றுக் கூடுதலாக இருக்கும். எப்படியும் 5 விழுக்காடு தற்செயலாக வருவதில்லை.

ஒரு பொறி உண்டு. கடும் காந்தப்புயலின்போது புவிக்காந்தத் தடை தளர்வதால், சூரியத் துகள்கள் வராமலேயே நடு அட்சரேகை நிலையங்களில் எண்ணிக்கை உயரக்கூடும். 2024 மே 11 அன்று காந்தப்புயலும், அண்டக்கதிர் எண்ணிக்கையின் வீழ்ச்சியும், சூரியத் துகள் வருகையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்ந்தன. அத்தகைய நாளில் செயற்கைக்கோள்களின் உயர் ஆற்றல் புரோட்டான் பதிவை ஒப்பிடாமல் முடிவு சொல்வது துணிச்சலே.

விதிவிலக்கு சூரிய நியூட்ரான்கள். மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அவற்றைத் தடுப்பதில்லை. சூரியன் உச்சியை நெருங்கியிருக்கும் உயர்ந்த மலை நிலையங்களில்தான் அவை நன்கு பதிவாகும். 1982 ஜூன் 3 அன்று சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையம் அவற்றைக் கண்டது. உங்கள் கருவி மலைமேல் இருந்து, உயர்வு நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்களே நீடித்திருந்தால், துருவங்கள் அமைதியாக இருந்தாலும் அந்தத் தரவை எரிப்பு நேரத்தோடு மீண்டும் ஒப்பிடுங்கள்.