அம்மாவின் பசியாறலும் பதினாறு மணி நேர விரதமும்

அன்புள்ள டீச்சருக்கு,

நானும் உங்களைப் போல சுங்கை சிப்புட் ஊர்தான். வயது 41, உயரம் 168 சென்டிமீட்டர். ஈப்போவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. போன தீபாவளி முடிந்து எடை பார்த்தபோது 94 கிலோ இருந்தேன். கூட வேலை செய்யும் நண்பர் சொல்லி ஆதிமனிதர் சாப்பாடு என்று சொல்லும் ப்ரைமல் உணவுமுறையைத் தொடங்கினேன். சோறு, ரொட்டி, மீ (நூடுல்ஸ்), சீனி, பருப்பு எதுவும் தொடுவதில்லை. இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, நெய், பாதாம் மட்டும்தான். பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டுக்குள் சாப்பாடு முடிந்துவிடும். முன்பெல்லாம் நாளுக்கு நாலு தே தாரேக் (இனிப்புப் பால் தேநீர்), ராத்திரி ஒட்டுக்கடையில் மீ கோரேங். எல்லாவற்றையும் விட்டேன். ஐந்து மாதத்தில் 81 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் ஆறு வாரமாக முள் அசையவில்லை.

வீட்டில் தினமும் காலையில்தான் பிரச்சினை. அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "பசியாறிட்டுப் போப்பா" என்பார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அப்பா நேராகவே சொல்லிவிட்டார்: "நாங்க பட்டினி கெடந்து உன்ன வளத்தோம், நீ வேணும்னே பட்டினி கெடக்குற." ஆதிமனிதன் அரிசி சாப்பிடவில்லை, அரிசிதான் நமக்கு விஷம் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அம்மாவுக்குப் பதினாலு வருஷமாக இனிப்புநீர் (நீரிழிவு). நான் இளைத்ததைப் பார்த்து அவரும் என்னைப் போலவே காலையில் சாப்பிடாமல் இருக்க ஆசைப்படுகிறார். திங்கட்கிழமை தொடங்கலாம் என்றிருக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமை வேண்டாம். அம்மா காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் மாத்திரை போடட்டும். இதை மட்டும் உங்களுக்குத் தனியாக உடனே எழுதி அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. நம் தெருவில் மூன்று பேர் நின்று பேசினால் ஒருவர் பையில் மாத்திரை இருக்கிறது.

அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. ஆனால் பதினாலு வருஷ இனிப்புநீர்க்காரர்கள் பலருக்குக் கூடவே கிளிக்லசைட் போன்ற ஒன்றும் இருக்கும். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் வேறு ஆபத்து. மாவுச்சத்தை அடியோடு நிறுத்திப் பட்டினியும் கிடந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு அப்போதும் நல்லபடியாகவே காட்டலாம், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராமல் போகலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்பு இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்து ஒன்பது கிலோ குறைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், என் அக்காவிடமும். இரவில் பேரப்பிள்ளைகளோடு சாப்பிடுவதை விட முடியாது என்று அவர் காலைச் சாப்பாட்டை விட்டார். மாத்திரையை விடவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இருவரும் சந்தைக்குப் போனோம். கெம்போங் மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் அக்கா வாங்குவார். அன்று ஒரு மீனைத் தூக்கினார், பார்த்தார், வைத்தார். அதே மீனை மறுபடி தூக்கினார். விலை கேட்டார். மீண்டும் அதே மீன், அதே கேள்வி. மேலுதட்டில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. சந்தைக் கூரைக்குள் அன்று அவ்வளவு வெயிலே இல்லை. "என்னக்கா" என்று தோளைத் தொட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து "அம்மா" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மீன் விற்ற சீனத்தி ஆன்ட்டிக்குத்தான் விஷயம் புரிந்தது, அவர் கணவருக்கும் இனிப்புநீராம். தான் குடித்துக்கொண்டிருந்த தே ஓவில் (பாலில்லாத தேநீர்) சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கி, அக்காவின் இரண்டு கையையும் கோப்பையைச் சுற்றிப் பிடித்து வைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் குத்திப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 3.4 மில்லிமோல். சீனி உள்ளே போன பிறகு அது. 3.9க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டிய நிலை. அந்தக் கோப்பைக்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அக்காவிடம் சொன்னது நான். மாத்திரை என்னவென்று கேட்காமல் சொன்னதும் நான்.

அதனால் இதை எழுதி அடுப்படியில் ஒட்டி வையுங்கள், விரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். திடீர் வேர்வை, நடுக்கம், சொன்னதையே சொல்வது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தெரிந்தால் அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்குக் கூப்பிடுங்கள். ரத்தக் கொதிப்புக்குச் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு நடுக்கமே தெரியாமல் போகலாம், வேர்வை மட்டும் இருக்கும்.

அம்மாவுக்கு இதற்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. நம் நாட்டில் இதற்கு அனுபவம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் புவாசா (ரமலான் நோன்பு) மாதத்துக்கு முன்பு மலாய்க்கார நோயாளிகளுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுக்கிறார்கள். யார் நோன்பிருக்கலாம், யார் கூடாது என்றும் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், அம்மா காலையில் சாப்பிடாமல் இருக்க விரும்புகிறார், புவாசாவுக்குச் செய்வதுபோல் மாத்திரையை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அவர்களுக்கு உடனே புரியும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உங்களைப் போல இறைச்சியும் முட்டையுமாகச் சாப்பிடுவது ஆகாது. என்னைக் கேட்டால், 67 வயதில் அம்மாவுக்குச் சோற்றைப் பாதியாக்கி, காய்கறியையும் மீனையும் கூட்டி, தேத்தண்ணியில் டின் பாலை நிறுத்தினாலே போதும். 2020இல் சான்பிரான்சிஸ்கோவில் 116 பேரை வைத்துக் காலைச் சாப்பாட்டை விட்டு எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறையைச் சோதித்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. நேரில் வரவழைத்து அளந்து பார்த்தவர்களிடம் குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்புகூட இல்லை, தசை. உங்கள் வயதில் போன தசை திரும்ப வரும். அம்மா வயதில் அது சுலபமில்லை, குளியலறையில் வழுக்கினால் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான்.

சரி, இப்போது உங்கள் விஷயம். 94இலிருந்து 81 சாதாரணம் இல்லை தம்பி. மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் எது வேலை செய்தது என்பதில் எனக்கு வேறு கருத்து. நாளுக்கு நாலு தே தாரேக்கும் ராத்திரி மீ கோரேங்கும் போனதே போதும், யாருக்கும் எடை குறையும். 2022இல் குவாங்சோவில் உடல் பருமனான 139 பேரை இரண்டு பிரிவாக்கி, இருவருக்கும் ஒரே அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை என்று நேரக் கட்டுப்பாடு. ஒரு வருஷத்தில் அவர்கள் சராசரி 8 கிலோ குறைந்தார்கள், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3. அந்த இடைவெளியைப் பொருட்படுத்தத்தக்கதாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கடிகாரம் கை நீளாமல் தடுக்கிறது. அந்த அளவில் அது நல்ல துணை.

முள் ஏன் அசையவில்லை? உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தில் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கியதில் அந்தத் தண்ணீரும் சேர்த்தி. அப்புறம் 81 கிலோ உடம்புக்கு 94 கிலோ உடம்பு கேட்ட சாப்பாடு தேவையில்லை. நீங்கள் நெய்க்கும் பாதாமுக்கும் அளவே வைக்கவில்லை என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் ஏறக்குறைய 240 கலோரி, 180 கிராம் வெந்த சோற்றுக்குச் சமம். நூறு கிராம் பாதாமில் 580. நெய்யை நாளுக்கு ஒரு மேசைக்கரண்டியாக்குங்கள், பாதாமை எண்ணிச் சாப்பிடுங்கள். அந்தக் காசுக்குக் கெம்போங் மீனும் முட்டையும் கீரையும் இன்னும் நிறைய வரும். பருப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் வீடே சைவமாக இருக்கும்போது பருப்பும் இல்லை, தௌஹுவும் (சோயாக் கட்டி) இல்லை என்றால் எதைத் தின்பீர்கள்? ஆசியர்களுக்குச் சொல்லும் கணக்கில் 27.5க்கு மேல் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) இருந்தால் ஆபத்து அதிகம். உங்களுக்கு இப்போது 28.7. இன்னும் மூன்றரை கிலோ போதும் அந்தக் கோட்டைத் தாண்ட. அவசரமே இல்லை. ஒருமுறை கொழுப்பு அளவைப் பார்த்துவிடுங்கள், நெய்யும் இறைச்சியும் சிலருக்குக் கெட்ட கொழுப்பை நன்றாக ஏற்றிவிடும்.

ஆதிமனிதன் பேச்சை மட்டும் வீட்டில் எடுக்காதீர்கள். உங்கள் அப்பா கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 1942இலிருந்து 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், தோட்டத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் அவருடைய பெற்றோர் தலைமுறை. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பாதவர் எத்தனையோ பேர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குச் சோறு என்றால் கஷ்டம் தீர்ந்தது என்று அர்த்தம். அதைப் போய் விஷம் என்றால்?

அரிசியைப் பற்றி இந்த நாட்டிலேயே ஒரு நல்ல செய்தி உண்டு. நூறு வருஷத்துக்கும் முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீன ஈயச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வந்தது. புழுங்கல் அரிசி தின்ற நம் தோட்டத்து ஆட்களிடம் அரிதாகத்தான் கண்டது. 1905இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பாதிப் பேருக்கு வெள்ளை அரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிப் பக்கம்தான் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற காரணம் பின்னால்தான் தெரிந்தது. அதற்காகப் புழுங்கல் அரிசியை இப்போது மூன்று தட்டுச் சாப்பிடலாம் என்று இல்லை, உடம்பு இளைக்க அதையும் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பாட்டன் பாட்டியைக் காப்பாற்றிய தானியத்தை விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் அம்மாவும் மரம் வெட்டியவர். நாலரைக்கு எழுந்து கோப்பி ஓ மட்டும் குடிப்பார். ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. காலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் ஓட்டம். வெட்டு முடிந்து ஒன்பதரைக்கு மரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார். பழைய சோறு, நெத்திலிச் சம்பல். பள்ளி விடுமுறையில் கூடப் போனால் மூடியில் எனக்கு ஒரு கை வைப்பார். கையில் ரப்பர் பால் வாடை போகாது, சோற்றிலும் அது இருக்கும். முதல் நாள் இரவு ஏழரையிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினாலு மணி நேரம். அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. பசியாறிய பிறகு மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். சோறு தின்றும் அவர் 44 கிலோவைத் தாண்டியதில்லை. உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பார். தோட்டத்தை விட்டு வீடமைப்புக்கு வந்த பிறகு ஓட்டம் நின்றது, தட்டு அப்படியே இருந்தது.

அந்தப் பசியாறலைத்தான் அவர் தினமும் உங்களிடம் நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. பன்னிரண்டு முதல் எட்டு வரை என்பது சட்டம் இல்லை. குவாங்சோ ஆட்கள் காலையில்தான் சாப்பிட்டார்கள். வேலைக்குக் கிளம்பும் முன், ஆறரைக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முட்டை, அவர் வைத்த சாம்பாரில் ஒரு கிண்ணம் காய். மதியம் நன்றாகச் சாப்பிடுங்கள். நாலரை மணியோடு முடித்துக்கொண்டு, இரவில் சீனியில்லாத தேத்தண்ணியோடு அவர்களோடு உட்கார்ந்திருங்கள். பத்து மணி நேரம் திறந்து பதினாலு மணி நேரம் மூடினால் போதும். முதல் வாரம் இரவில் பசிக்கும், அப்புறம் பழகிவிடும்.

கிளினிக் போய் வந்ததும் மாத்திரைகளின் பெயரையும் டாக்டர் சொன்னதையும் எழுதுங்கள். அதுவரை அம்மா காலையில் பசியாறட்டும், நீங்களும் கூட உட்காருங்கள்.

அன்புடன்,
டீச்சர்