சென்னையில் எது கெட்டாலும் மாநகராட்சியைத் திட்டுகிறோமே, அது சரியா?

பாதிதான் சரி. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பெரும்பாலான உட்புறச் சாலைகள் மாநகராட்சியின் பொறுப்பு. இவற்றுக்குத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். புகார் எண் 1913. ஆனால் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978-இல் உருவான குடிநீர் வாரியத்தின் வேலை. பஸ், மின்சாரம், போக்குவரத்துக் காவல் எல்லாம் தனித்தனித் துறைகள். வாரியம் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் வண்டி விழுந்தால், திட்டு வாங்குவது வார்டு கவுன்சிலர்.

இப்படித் திட்டுவதற்கான இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1973-இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை இந்த நகரத்துக்கு மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. அப்புறம் 2016-இல் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை மறுபடியும் அதிகாரிகள் ஆட்சிதான். நம் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் உண்டு, அவரிடம் போய்க் கேட்கலாம் என்ற பழக்கமே ஒரு தலைமுறைக்கு விட்டுப்போனது. அந்த இடத்தில் கோபம் மட்டும் தங்கிவிட்டது.

2022 தேர்தலில் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் சட்டப்படி உண்டு. உங்கள் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். தெரு விஷயத்தை அங்கே எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.