வீட்டில் படிக்கும் பிள்ளையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: பாளையங்கோட்டையில் தனியார் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து விலகியிருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு மாற்றுக் கல்வி மையத்தாரும், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் மூன்று குடும்பத்தாரும் ‘வந்து பார்த்து, பிள்ளை எந்த அளவில் இருக்கிறது என்று எழுதித் தாருங்கள்’ என்று கேட்கிறார்கள். இதற்கு எனக்கு அதிகாரம் உண்டா? எப்படிச் செய்வது, என்ன எழுதுவது?

பதில்: அதிகாரத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1988-இல் வந்த சட்டப்படி, வீட்டுக் கல்விக்கு ஆண்டுதோறும் தகுதியுள்ள ஒருவர் பிள்ளையோடு பேசி, பிள்ளை செய்த வேலைகளின் கோப்பைப் பார்த்துச் சான்று தர வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு பதவி கிடையாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பேசுகிறது. வீட்டுக் கல்விக்கென்று தனி நடைமுறை எதையும் அது வகுக்கவில்லை. ஆகவே உங்கள் கையெழுத்துக்கு அரசு முத்திரையின் பலம் இல்லை. ‘ஐந்தாம் வகுப்பு தேறினார்’ என்று ஒருநாளும் எழுதாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) போலத் தோன்றும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அம்பாசமுத்திரம் மையத்திடம் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் நேராகவே கேளுங்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை என்று இருக்கிறது. அவர்களுடைய விளம்பரத் தாளில் உங்கள் பெயர் போகக் கூடாது.

பிறகு உங்கள் அறிக்கை எதற்கு உதவும்? பிள்ளை இன்று எங்கே நிற்கிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று பெற்றோருக்குச் சொல்லும். நாளை பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியருக்கு ஒரு பிடி கிடைக்கும். இந்த இரண்டும் சின்ன விஷயமல்ல.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கட்டணத்தை ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். போக்குவரத்துச் செலவு தனி. முடிவு எப்படி இருந்தாலும் தொகை மாறாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் மதிப்பிடும் பிள்ளைக்கு நீங்களே டியூஷன் எடுக்கக் கூடாது. எடுத்தால் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு சந்திப்பு வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இடையில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஒரே நாளில் முடித்தால் காய்ச்சலோ கூச்சமோ அறிக்கையாகிவிடும். முதல் அரைமணி நேரம் தாளே எடுக்க வேண்டாம். தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், செய்து வைத்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவோ அப்பாவோ பார்வையில் இருக்கட்டும், ஆனால் பிள்ளைக்கு அவர்கள் முகம் தெரியாதபடி பின்னால் உட்காரச் சொல்லுங்கள். பெற்றோரின் புருவத்தைப் பார்த்தே பிள்ளை விடையை மாற்றும். மதிப்பீடு கெட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை.

பிள்ளை எழுதிய தாள்களின் கோப்பு ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மாதத்துக்கு மூன்று தாள் போதும், எல்லாவற்றிலும் தேதி வேண்டும். அதில் ஒன்றாவது திருத்தாத முதல் பிரதியாக இருக்க வேண்டும். அழகாகப் படியெடுத்த தாள்களை மட்டும் அடுக்கி வந்தால் அதில் பிள்ளையைவிடப் பெற்றோர்தான் அதிகம் தெரிவார்கள். கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவை பார்த்து எழுதிய குறிப்பு ஜனவரியில் ஒன்றும் மே மாதத்தில் ஒன்றும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் ‘நிறையப் பறவை’ என்றிருந்தது பிறகு எண்ணிக்கையாக, கூடாக, குஞ்சாக மாறியிருக்கிறதா? கூர்ந்து பார்க்கும் பழக்கம் வளர்ந்திருக்கிறதா என்பது அந்த இரண்டு தாளிலேயே தெரியும்.

வாசிப்புக்கு, பிள்ளை இதுவரை பார்க்காத பகுதியை எடுங்கள். வீட்டில் பலமுறை படித்த கதை என்றால் மனப்பாடம்தான் வாசிப்பாக வெளிவரும். தமிழ்நாட்டுப் பாடநூலில் வயதுக்குரிய வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து இறங்கினால் முதல் தோல்வியிலேயே பிள்ளை சுருண்டுவிடும். நூறு சொல் கொண்ட பத்தியில் ஐந்து பிழை வரை என்றால் பிள்ளை தானாகவே படிக்கக்கூடிய அளவு. ஆறு முதல் பத்து வரை என்றால் துணையோடு படிக்கலாம். பத்துக்கு மேல் போனால் அந்தப் பகுதி இப்போதைக்குக் கடினம். அதோடு நிறுத்தாமல் புத்தகத்தை மூடிவிட்டு ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று கேளுங்கள். சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நிறைய.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. ‘அவிய வந்தாவ’, ‘வெரசா போ’ என்று கதையைத் திருப்பிச் சொன்னால் அது பிழை அல்ல. நெல்லைப் பேச்சில் சொல்லும் பிள்ளை கதையை முழுதாகப் புரிந்துகொண்டுதான் சொல்கிறது. எழுத்தில் ‘வந்தார்கள்’ என்று எழுதத் தெரிகிறதா என்பதை வேறாகப் பாருங்கள். காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் வீட்டுப் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் அதிகம். சொல்வதெழுதலில் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண வரும் பத்துச் சொல் போதும். எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று எழுதுங்கள். ‘எழுத்துப்பிழை அதிகம்’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை.

கணக்கில் விடையைவிட வழி முக்கியம். 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 26 என்று வந்தால் பிள்ளைக்குக் கடன் வாங்குவது புரியவில்லை, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 612-ஐ 6-ஆல் வகுத்து 12 என்றால் நடுவில் வரவேண்டிய பூச்சியம் தொலைந்திருக்கிறது. ‘நூற்று ஐந்து’ என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளைக்கு இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. தமிழில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் குழப்பும். அதைத் தனியே சோதியுங்கள், கணக்கு தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாய்க்கணக்கையும் விடாதீர்கள். ஆயிரம் பீடிக்குக் கூலி 240 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 750-க்கு எவ்வளவு என்று கேட்டால், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை கண்ணிமைக்குமுன் 180 என்று சொல்லக்கூடும். அதே பிள்ளை தாளில் விகிதக் கணக்கைப் பார்த்து விழிக்கும். அப்போது ‘விகிதம் புரிந்திருக்கிறது, அதைக் குறியீட்டில் எழுதப் பழக வேண்டும்’ என்றே எழுதுங்கள்.

ஆனால் அந்தப் பிள்ளை பகல் முழுக்கப் பீடித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அது வேறு விஷயம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதைக்கூட ஆபத்தில்லாத வேலையாக, பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ என்றுதான் சட்டம் அனுமதிக்கிறது. வேலையை ‘வாழ்க்கைக் கல்வி’ என்று பெயர்மாற்றிக் காட்டினால் நீங்கள் உடன்படக் கூடாது. அடியோ, பாலியல் தொல்லையோ நடப்பதாக ஐயம் வந்தால் அறிக்கை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 1098-ஐ அழையுங்கள். பாலியல் குற்றமென்றால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கடமை. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

எட்டு வயதாகியும் எழுத்து கூடவில்லை என்றால் ‘டிஸ்லெக்சியா’ (எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று நீங்கள் எழுத முடியாது. முதலில் கண்ணும் காதும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. முறையான சான்று இருந்தால் பின்னாளில் தேர்வுச் சலுகைக்கு உதவும்.

அறிக்கை நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம், இரண்டாம் சந்திப்பு முடிந்து பத்து நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் கண்டது ஒரு பத்தி, அதிலிருந்து நீங்கள் கருதுவது இன்னொரு பத்தி. இரண்டையும் கலக்காதீர்கள். ‘வாசிப்பில் ஆர்வம் குறைவு’ என்பது கருத்து. ‘மூன்றாம் வகுப்புப் பத்தியில் நூறு சொல்லுக்கு 14 பிழை, நான்காம் வரியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தான், பத்தியை நான் வாசித்துக் காட்டியபோது முழுக் கதையையும் வரிசையாகச் சொன்னான்’ என்பது கண்டது. இரண்டாவதைப் படிக்கும் தாய்க்கு, பிள்ளையின் புத்தியில் குறையில்லை, எழுத்தைக் கூட்டுவதில்தான் சிக்கல் என்று புரியும். அடுத்த ஆறு மாதத்துக்கு மூன்று வேலைக்கு மேல் சொல்லாதீர்கள். பத்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது. வரைவைப் பெற்றோரிடமும், பத்து வயதைத் தாண்டியிருந்தால் பிள்ளையிடமும் வாசித்துக் காட்டுங்கள். தகவல் பிழை இருந்தால் திருத்துங்கள். மதிப்பீட்டை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

பெற்றோர் கட்டாயம் கேட்கப்போவது ‘பிறகு பரீட்சை?’ என்பது. 14 வயதுவரை எப்போது வேண்டுமானாலும் வயதுக்குரிய வகுப்பில் பள்ளியில் சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது, பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் கேட்கலாம். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது. ஐந்து பாடம் எடுத்து, பதிவு செல்லும் ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். எந்த வழி என்றாலும் பிறப்புச் சான்றிதழில் பெயரும் எழுத்தும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் அலைவது பெரும்பாலும் அதற்காகத்தான். ஆங்கிலத்தில் மட்டும் படிப்பிக்கும் குடும்பமாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லுங்கள்: 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டத்தால் இங்குள்ள பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அ, ஆ தொடங்கினால் பிள்ளை படும் பாடு கொஞ்சமல்ல. தினம் அரைமணி நேரத் தமிழை இன்றைக்கே உங்கள் மூன்று பரிந்துரைகளில் முதலாவதாகப் போடுங்கள்.