பீச்சித் தீவின் மூன்று பலகைகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

லண்டன் வாட்டர்லூ பிளேஸில் ஜான் ஃபிராங்க்ளின் சிலையைப் பார்த்தேன். 1845இல் ஆர்க்டிக் பனிக்கடல் ஊடாக ஆசியாவுக்கு வடமேற்குக் கடல்வழி தேடி எரிபஸ், டெரர் கப்பல்களில் போனவர்களில் 129 பேர் மாண்டார்கள். தலைவருக்குச் சிலை இருக்கிறது. கூடப்போன மாலுமிகளுக்கு என்ன வைத்தார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பீடத்தைச் சுற்றி வந்திருந்தால் பக்கவாட்டு வெண்கலத் தகடுகளில் இரு கப்பல்களிலும் போனவர்களின் பெயர்களும் கண்ணில் பட்டிருக்கும். முன்பக்கப் புடைப்புச் சிற்பத்தில் இருப்பது ஃபிராங்க்ளினின் இறுதிச்சடங்கு. அதைப் பார்த்த ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை, அவருடைய கல்லறையும் கிடைத்தபாடில்லை. 1866இல் சிற்பி மாத்யூ நோபிள் கற்பனையில் வடித்ததுதான் அது.

எனக்கு அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் கனடாவின் வடகோடியில், பீச்சித் தீவில் இருக்கிறது. முதல் குளிர்காலத்திலேயே இறந்த மூவரின் கல்லறைகள் அங்கே உள்ளன. காணாமல் போன கப்பல்களைத் தேடிப் போனவர்கள் 1850இல் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஜான் டாரிங்டன், வயது 20, நீராவி எஞ்சினுக்குக் கரி போட்டவர். ஜான் ஹார்ட்னெல், 25, மாலுமி. வில்லியம் பிரெய்ன், 32, கப்பலில் இருந்த மரைன் சிப்பாய். பிரெய்னின் கல்லறைத் தலைமாட்டுப் பலகையில் அவருடைய படைக் கம்பெனி எண்ணைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் கூட வந்தவர்களின் கைவேலை. கருங்கல்லாய் இறுகிய உறைமண்ணைக் கொத்தி, டாரிங்டனை ஏறக்குறைய ஐந்தடி ஆழத்தில் இறக்கியிருக்கிறார்கள். அவர் பெட்டிக்கு நீலக் கம்பளித் துணி சுற்றி, தகரத்தை வெட்டிப் பெயர் எழுதிப் பதித்திருக்கிறார்கள். அந்தக் குளிரில், மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத இருட்டில்.

மண் உறைந்தே கிடந்ததால் உடல்கள் கெடவில்லை. 1984லும் 1986லும் கனடிய மானுடவியலாளர் ஓவன் பீட்டி அவற்றைத் தோண்டி ஆராய்ந்தார். ஈய நஞ்சுதான் அவர்களைக் கொன்றதோ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது, அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஹார்ட்னெல்லின் சட்டை. அதில் நூலால் தைத்திருந்த எழுத்துகள் ‘டி.எச். 1844’. ஜானுக்கு ‘டி’ எங்கிருந்து வந்தது? அவர் தம்பி தாமஸ் ஹார்ட்னெல்லும் எரிபஸில்தான் இருந்தார். தம்பியின் சட்டையோடு அண்ணன் மண்ணுக்குள் போயிருக்கிறார்.

பீச்சியில் இப்போது நிற்பவை நகல் பலகைகள். அசல் பலகைகள் வட கனடாவின் யெல்லோநைஃப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் நாம் போகப்போவதில்லை. அடுத்த முறை லண்டன் போகும்போது பக்கவாட்டுத் தகட்டில் ஹார்ட்னெல் என்ற பெயரைத் தேடுங்கள். இரண்டு முறை வரும்.

அன்புடன்.